கருப்பியின் ரத்தம்

தெருக்குழாயடியில் தண்டபாணி போட்ட சத்தம் கூட்ஸ் வண்டிச் சத்தத்தை மீறிக்கொண்டு கேட்டது. வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த நான் நின்றுவிட்டேன். கொருக்குப்பேட்டையில் சண்டையைப் பார்த்தும் நிற்காமல் போகிறவள் கிடையாது. பி.எஸ்சி. முடித்தால் அந்தப் புத்தி போய்விடும் என்று என் கல்லூரியில் நினைத்தார்கள். போகவில்லை.

"குப்பம்மா மாடு போச்சு. சபீஹாம்மா மாடு போச்சு. இப்ப எம் மாடு ரத்தமா மூத்திரம் பேஞ்சிகினு கீது. மூணும் ஜெர்சி. மூணும் வந்தவுடனே எங்க கட்டிக் கெடந்துச்சு? தோ, இவ கொட்டாய்ல! இவ கருப்பிக்கு மட்டும் ஒரு தும்மல்கூட வர்ல. இன்னா அர்த்தம்?"

தேவகிருபை இடுப்புக் குடத்தை இறக்கி வைக்கவில்லை. "இன்னா அர்த்தம்னு நீயே சொல்லேன்."

"தீனில இன்னாத்தையோ கலந்துட்டே. ஜெர்சி வந்தா உன் பால் ஓடாதில்ல?"

"வெத்தல பாக்கு வெச்சி, 'அக்கா, மூணு நாளு கட்டிக்கிறேன்'னு நீதானடா வந்தே? நானா கூப்ட்டேன்?"

"ராசின்னு நம்பி வந்தோம். இப்பத்தான தெரியுது உன் ராசி. அடுத்த வார ஞாயித்துக்கெயமைக்குள்ள மாட்ட ஓட்டிக்கினு போயினே இரு. இல்லாட்டி கொட்டாய நாங்களே பிரிச்சிடுவோம்."

சுற்றி நின்ற ஒருவரும் அவனை மறுத்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் எரிந்தது. கருப்பியின் பாலில் டீ குடிக்காதவன் ஒருவனும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

தேவகிருபையின் கணவர் ரயில்வே யார்டில் வேலை செய்து அங்கேயே செத்தவர். அதன்பிறகு அவளுக்கு இருந்தது ரயில்வே சுவரை ஒட்டிப் போட்ட ஒரு கொட்டகையும் நாட்டு மாடு கருப்பியும்தான். பட்டா கிடையாது. தெரு 'இரு' என்றால் இருப்பாள். தெரு 'போ' என்றால் அவளுக்காகப் பேச ஒரு தாசில்தாரும் வரமாட்டான்.

ஆனால் அதே தெருதான் அவளை ராசிக்காரி ஆக்கியது. எங்கள் பக்கம் புது மாடு வாங்கினால் நேரே வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கன்று சாகாத மாடு எங்கே நிற்கிறதோ, அதன் பக்கத்தில் மூன்று ராத்திரி கட்டிவிட்டுத்தான் ஓட்டிப்போவார்கள். கருப்பி போட்ட கன்று ஒன்றுகூடச் சாகவில்லை. அதனால் இந்து மாடு, முஸ்லிம் மாடு, வேதக்கார மாடு எல்லாம் தேவகிருபை கொட்டகையில்தான் முதலில் படுக்கும். பால் அதிகம் கறக்கும் என்று ஜெர்சிக் கலப்பு மாடுகள் தெருவுக்குள் வர ஆரம்பித்த வருஷம் அது. அவையும் அங்கேதான் படுத்தன.

"தண்டபாணி அண்ணே, மூத்திரம் ரத்தமாவே வருதா, கட்டி கட்டியா? இல்ல டீ டிகாக்ஷன் மாரி வருதா?" என்று கேட்டேன்.

கூட்டம் சிரித்தது. "படிச்ச பொண்ணு கேக்குற கேள்வியப் பாரு!" என்றாள் குப்பம்மா.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுண்ணே."

"டிகாக்ஷன் மாரிதான். நொர நொரயா வருது. அதுக்கு இன்னா இப்ப?"

"அது வெஷம் இல்லேன்னு நெனைக்கிறேன். மாட்டு ரத்தம் ஒரு சொட்டு வேணும்."

"ஏற்கெனவே மூத்திரத்துல போறது பத்தலையா? நீ வேற உறியணுமா?"

ஆனாலும் காட்டினான். பயந்துபோயிருந்தான் என்பது மாட்டுக்கு அருகில் போனதும் தெரிந்தது. பெரிய செவலை மாடு அது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. கண்ணின் கீழ்த்தோலை இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. காதைத் தொட்டால் கொதித்தது. காதோர நரம்பில் ஊசி முனையால் குத்தி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வாங்கி, இன்னொரு துண்டின் ஓரத்தால் இழுத்துத் தேய்த்தேன். தண்டபாணி மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். மாட்டின் கன்று, பிறந்து சில வாரமே ஆனது, என் தாவணி முனையைச் சப்பிக்கொண்டிருந்தது. மாட்டின் மடியிலும் வாலடியிலும் உண்ணிகள். கன்றின் காதுக்குள்ளும் உண்ணிகள்.

நான் வேலை பார்த்தது கால்நடை நோய்களைச் சோதிக்கும் ஒரு சர்க்கார் ஆபீஸில். ரத்தத்துக்குச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற வேலை. சேர்ந்த அன்றைக்கே பியூன் என்னிடம் டீ போடச் சொன்னான். உனக்குப் போடத் தெரியாதா என்று கேட்டேன். அன்றிலிருந்து எனக்கு 'திமிர் பிடித்தவள்' என்று பெயர். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் மகளுக்கு மைக்ராஸ்கோப் எதற்கு என்று அங்கே சிலருக்கு உறுத்தல். எனக்கு அந்த மைக்ராஸ்கோப்பைத் தவிர ஆபீஸில் வேறு எதுவுமே பிடிக்காது.

மறுநாள் காலையில் அந்தக் கண்ணாடித் துண்டைச் சாயத்தில் போட்டு, கழுவி, உலர்த்தி, எண்ணெய்ச் சொட்டு வைத்துக் குனிந்தேன். ரோஸ் நிற வட்டங்கள். மாட்டின் சிவப்பணுக்கள். அதில் ஒன்றுக்குள் இரண்டு ஊதாத் துளிகள், கூர்முனையோடு கூர்முனை ஒட்டிக்கொண்டு நின்றன. பக்கத்து வட்டத்தில் இன்னொரு ஜோடி. நகர்த்த நகர்த்த ஜோடி ஜோடியாக வந்தன.

பாடப்புத்தகத்தில் 'பேரிக்காய் வடிவம்' என்று போட்டிருக்கும். எங்கள் தெருவில் எவன் பேரிக்காய் தின்றான்? எனக்கு அவை காதிலிருந்து கழற்றி ஜோடியாக வைத்த தொங்கட்டான் மாதிரி இருந்தன. பபேசியா என்கிற ரத்தக் கிருமி. படித்திருக்கிறேன், பரீட்சையில் படம் வரைந்திருக்கிறேன். எங்கள் தெரு மாட்டுக்குள் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

மாட்டு டாக்டர் லியோனார்டைக் கூப்பிட்டேன். கொஞ்சம் சோம்பேறி. ஆனால் கேள்வி கேட்டால் கோபப்படாத ஒரே ஆள். பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சிவப்பணுவுக்குள்ள பூந்து, பெருகி, ஒடைச்சிக்கிட்டு வெளிய வருது. ஒடைஞ்சதோட சாயந்தான் மூத்திரத்துல. மாடு இன்னும் நிக்குதா?"

"நிக்குது சார்."

"அப்போ வா, போவோம்."

மதியமே வந்து ஊசி போட்டார். தெருவில் எவனும் அவர் பேச்சை நம்பவில்லை. ஆனால் இரண்டு நாளில் மூத்திரம் தெளிந்தது. மாடு வைக்கோலை முகர்ந்து பார்த்தது, பிறகு தின்றது. தண்டபாணி குழாயடியில் என்னைப் பார்த்து, "பெரிய ஆளுதான் நீ, ஃப்ளோரன்சு" என்றான். அதே மூச்சில், "ஆனா ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயமதான்" என்றான்.

"அது கிருமிண்ணே. வெஷம் இல்ல."

"கிருமிய யாரு வெச்சா?"

கேள்வி முட்டாள்தனமானது என்று திட்டிவிட்டு வந்தேன். படுக்கும்போதுதான் தோன்றியது, கேள்வி சரி. யார் வைத்தது?

டாக்டரிடம் கேட்டேன். "உண்ணிதான்" என்றார். "உண்ணி ஒரு மாட்டுல ரத்தம் குடிச்சி, வீங்கி, கீழ விழும். விழுந்து ஆயிரக்கணக்குல முட்ட போட்டுட்டுச் செத்துப்போகும். கிருமி அம்மாகிட்டேருந்து முட்டைக்குள்ள போயிடுது. குஞ்சு இதுக்கு முன்னாடி எந்த மாட்டையும் கடிச்சதில்ல, ஆனா பொறக்கும்போதே கிருமியோட பொறக்குது. அது அடுத்த மாட்டுமேல ஏறுது."

"எந்த மாட்டுலேருந்து வந்துச்சின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது சார்?"

"நோய் வராத மாட்டைத் தேடு. நாட்டு மாடு உடம்புல வெச்சிக்கிட்டே வருஷக் கணக்கா நல்லா இருக்கும்."

ஒரு தும்மல்கூட வராத கருப்பிதான் நினைவுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் தேவகிருபை கொட்டகைக்குப் போனேன். அவள் கருப்பிக்குக் கழுநீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கருப்பி ரத்தம் கொஞ்சம் எடுக்கணும்."

"எடு கண்ணு, எடு. எடுத்து, 'இதோ பாருங்கடா, இவ மாட்ல ஒண்ணும் இல்ல'ன்னு நாலு பேராண்ட சொல்லு. அதுக்குத்தான நானும் உன்ன எதிர்பாத்துகினு கீறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியாததைச் சொல்ல எனக்குப் பிடிக்காது. ரத்தம் எடுத்தேன். கருப்பியின் தொடையிடுக்கில் ஆமணக்கு விதை அளவுக்கு உப்பியிருந்த ஓர் உண்ணியையும் பிடுங்கி, காலி மருந்துச் சீசாவில் உயிரோடு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் முழுக்க அந்த ஒரே கண்ணாடித் துண்டுதான். ரோஸ் வட்டம், ரோஸ் வட்டம், ரோஸ் வட்டம். கழுத்து இற்றுப்போனது. இல்லை என்று எழுந்துவிடலாம்போல் இருந்தது. எழுந்திருந்தால் தேவகிருபைக்கு நல்லதும்கூட. ஆனால் இன்னும் ஒரு வரிசை, இன்னும் ஒரு வரிசை என்று கை நகர்த்திக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போன பிறகு, துண்டின் ஓரத்தில், ஒரே ஒரு வட்டத்துக்குள், ஒரே ஒரு ஜோடி.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கருப்பி பால் கறந்தது, கன்று போட்டது, தெருவுக்கெல்லாம் டீ கொடுத்தது. அத்தனை நாளும் இது உள்ளே இருந்திருக்கிறது. அதுவும் இதைக் கொல்லவில்லை, இதுவும் அதைக் கொல்லவில்லை. எப்படி இப்படி ஓர் உடன்படிக்கை?

தேவகிருபையிடம் மறைக்காமல் சொன்னேன். சாணி தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்போ நான்தான் கொன்னேனா?"

"நீ ஒண்ணும் பண்ணல. உன் மாட்டுமேல இருந்த உண்ணி இந்தக் கொட்டாய்ல விழுந்து குஞ்சு பொரிச்சிருக்கு. அவனுங்கதான் கொண்டாந்து, அதுங்க வாயில கட்டியிருக்கானுங்க."

"சொன்னா கொட்டாயப் பிரிப்பானுங்க."

"ஆமா."

"சொல்லலேன்னா?"

"அடுத்த புது மாட்ட இங்கதான் கட்டுவானுங்க."

கையைச் சுவரில் துடைத்தாள். "குப்பம்மா மாடு சாவறப்ப அதும் தலை என் மடியிலதான்டி கெடந்துச்சு. நீயே சொல்லிடு. நான் சொன்னா சால்ஜாப்புன்னு சொல்லுவானுங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதே கொட்டகை முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் கையில் கடப்பாரை. நான் நடுவில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பியிடம் கிருமி இருப்பதையும் சொன்னேன். தண்டபாணி கையைத் தட்டினான்.

"கேட்டுக்கினீங்களா? படிச்ச பொண்ணு வாயாலேயே வந்துச்சு! இவ மாடுதான்!"

"மாடுதான். ஆனா யாருண்ணே உன் மாட்ட இங்க கொண்டாந்து கட்டுனது? கருப்பி உன் வூடு தேடி வந்துச்சா?"

"ராசின்னு கட்னோம். சீக்குன்னு தெரியுமா?"

"அவளுக்கு மட்டும் தெரியுமா?"

சீசாவை எடுத்து நீட்டினேன். உள்ளே அந்த உண்ணி சுருங்கிப்போயிருந்தது. அதன் முன்னால், அதைவிடப் பெரிய குவியலாக, பளபளவென்று பழுப்பு முட்டைகள். ஒரு வாரமாக என் மேசைமேல் வைத்துப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு முட்டையாகத் தலைக்கு மேலே தள்ளி, நகர்ந்து, அடுத்ததைத் தள்ளியது. கடப்பாரைக்காரன்கூட எட்டிப் பார்த்தான். சபீஹாம்மா சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"யா அல்லா! இம்மாத்தூண்டு வயித்துலயா இம்மாம் முட்ட?"

"இதெல்லாம் குஞ்சாயி இந்த வைக்கோல்ல ஏறி நிக்கும். எந்த மாடு வந்தாலும் தொத்திக்கும்."

தண்டபாணி சீசாவை வாங்கி வெகுநேரம் உருட்டிப் பார்த்தான். பிறகு நெற்றியைச் சுருக்கினான்.

"இரு, இரு. என் கண்ணுக்குட்டியும் அதே மூணு ராத்திரி இங்கதான் கெடந்துச்சு. அதும் காதுல கோத்து வெச்ச மாரி உண்ணி. அதுக்கு ஏன் ஒண்ணும் ஆவல? துள்ளிகினு கீது. அப்போ உன் கத பீலாதான?"

அந்தக் கேள்வி எனக்கு ஏன் வரவில்லை என்று என்மேல்தான் கோபம் வந்தது. அதன் காதிலிருந்த உண்ணியை நானே பார்த்தவள்.

"தெரியாது" என்றேன். "நாளைக்குச் சொல்றேன். அதும் ரத்தம் கொடு."

"நாளைக்கு நாளைக்குன்னு டபாய்க்கிறா" என்றான் கடப்பாரை.

"கேள்வி கேட்டது அவரு. பதில் வேணாம்னா இப்பவே பிரி."

தண்டபாணி கடப்பாரைக்காரனின் கையைப் பிடித்து இறக்கினான். தன் கேள்விக்குப் பதில் வேண்டும் என்கிற வெறி அவனுக்கு வந்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த வெறி அது.

திங்கட்கிழமை அவனே ஆபீஸுக்கு வந்துவிட்டான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல் வந்தான். முந்தின நாள் எடுத்த ரத்தத்தை நான் அதற்குள் பார்த்துவிட்டிருந்தேன். கண்ணாடித் துண்டை அந்த இடத்திலேயே நகராமல் வைத்து, "வந்து பாரு" என்றேன்.

"ஒண்ணும் தெரியல."

"ரெண்டு கண்ணையும் மூடிக்கினா இன்னா தெரியும்? ஒண்ண மூடு."

குனிந்தான். மூச்சுவிடுவதை நிறுத்தினான். "ரோசா கலர்ல வட்ட வட்டமா கீது... நடுவுல ஒண்ணு... ஐய, ரெட்டையா ஒட்டிக்கினு கீது!"

"அது உன் கண்ணுக்குட்டி ரத்தம்."

சட்டென்று நிமிர்ந்தான். "செத்துருமா?"

லியோனார்ட் தன் மேசையிலிருந்தே பேசினார். "சாகாது. சின்ன வயசுல வாங்கிக்கிட்டா கன்னுக்குட்டிங்க பெரும்பாலும் தாங்கிக்கும். அப்பறம் உடம்பு அதுக்குப் பழகிடும். ஜெர்சி வளந்த பிறகு முதல் தடவையா இங்க வந்து வாங்கிக்கிச்சி, அதான் விழுந்துச்சி. உங்க கருப்பியும் கன்னா இருந்தப்போ வாங்கியிருக்கும்."

தண்டபாணி யோசித்தான். அவன் முகத்தில் அந்த யோசனை மெதுவாக ஏறியதை நான் பார்த்தேன்.

"அப்போ இது வளந்தா..."

"கருப்பி மாரிதான்" என்றேன். "துள்ளிகினு, பால் கறந்துகினு, உள்ள கிருமிய வெச்சிகினு இருக்கும். அது மேல ஏறுற உண்ணி உன் கொட்டாய்லதான் முட்ட போடும். கருப்பியத் தொரத்தறதுன்னா இதையும் தொரத்தணும்ணே. எப்ப ஓட்டிக்கினு போவப் போற?"

அவன் மறுபடியும் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

சாயங்காலம் குழாயடியில் தேவகிருபை வரிசையில் நின்றிருந்தபோது தொண்டையைச் செருமினான். "கருப்பி இருக்கட்டும்" என்றான், பெரிய மனுஷன் மாதிரி.

தேவகிருபை திரும்பினாள். "இருக்கட்டும்னு சொல்ல நீ யார்றா? வெஷம் வெச்சேன்னு எத்தினி பேராண்ட கத்தின? அத்தினி பேராண்டயும் கத்து."

"அதான் சொன்னேனே..."

"கத்துன்னேன்."

கத்தினான். யார்டு வரைக்கும் கேட்டிருக்கும். "தேவகிருபையக்கா வெஷம் வெக்கில! உண்ணி! உண்ணிதான்!" பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு, "உண்ணி உண்ணி தண்டபாணி" என்று தெரு முழுக்க ஓடின.

அடுத்த வாரமே கொட்டகையின் பழைய வைக்கோலை எல்லாம் வாரி எரித்தார்கள். தண்டபாணியே சுண்ணாம்பு கொண்டுவந்து தரை வெடிப்பையெல்லாம் அடைத்தான். முட்டை முழுக்க ஒழிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒழிந்திருக்காது என்றார் டாக்டர்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால் எங்கள் தெருவைத் தெரியாது என்று அர்த்தம். குப்பம்மா தவணையில் இன்னொரு ஜெர்சி வாங்கி, வெற்றிலை பாக்கோடு ஓட்டிக்கொண்டு, நேரே தேவகிருபை கொட்டகைக்கு வந்து நின்றாள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஏங்க்கா, அன்னிக்கி நான் இன்னா செவத்தாண்டயா பேசினேன்? உண்ணின்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே, சொன்னே. உண்ணி உண்ணிதான், ராசி ராசிதான். ராசி இல்லாம வூட்டுக்குள்ள எப்டிம்மா மாட்ட ஏத்தறது? போன தடவ போனதே போதும்."

"போன தடவ போனதே அதனாலதான்!"

"கத்தாதடி. மாடு மெரளுது."

தேவகிருபை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கொட்டகைப் படலை இழுத்துச் சாத்தினாள்.

"புது மாடு எதும் இனிமே இங்க நுழையக் கூடாது. நுழைஞ்சா காலை ஒடைப்பேன். ராசி எங்க கீது, மாட்லயா, என் கையிலயா?"

குப்பம்மா யோசித்தாள். "உன் கையிலதான்னு வெச்சிக்கலாம்."

"அப்போ நான் வரேன். உன் வூட்ல வந்து நானே கட்டறேன். மூணு நாளும் நானே வந்து தீனி வெக்கிறேன். போதுமா?"

புருஷன் செத்தவள் என்று, இதற்கு முன் தெருவில் ஒருத்தியும் நல்ல காரியத்துக்குத் தேவகிருபையை வீட்டுக்குள் அழைத்தது கிடையாது. குப்பம்மா வெற்றிலையை அவள் கையில் வைத்தாள்.

அவள் மாட்டுக் கயிற்றை வாங்கப் போனாள். நான் குறுக்கே கை நீட்டித் தடுத்தேன்.

"அத்தை, அந்தாண்ட நில்லு. மொதல்ல பொடவைய உதறு. கொசுவத்தையும் பிரிச்சி உதறு."

"தெருவுலயாடி?"

"தெருவுலதான். காலையிலேருந்து கொட்டாய் வைக்கோல்லதான குந்திக்கினு இருந்தே?"

திட்டிக்கொண்டே முந்தானையை உதறினாள். நான் குனிந்து அவள் கரை மடிப்பை நகத்தால் பிரித்துப் பார்த்தேன். குப்பம்மாவும் ஒரு பக்கம் குனிந்தாள். ஒரு மடிப்பில் கடுகைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று நகர்ந்தது.